கியூபா விடுதலைப் போரும் நியூயோர்க் பத்திரிகைகளும்



ஒரு நாட்டில் நடக்கும் போரை மற்றொரு நாட்டு மக்கள் தம் கண்ணாற் காண்பதில்லை. அச்சேறிய தாளின் வழியாகவே காண்கின்றனர். அத்தாளில் எழுதுவோர் நேர்மையுடையோராயின், தொலைவில் நிகழும் துயர் உலகறிந்த துயராகின்றது. அவர்கள் நேர்மை தவறின், உள்ளதும் இல்லாததும் ஒன்றாய்க் கலந்து, மெய் எது பொய் எது எனப் பிரித்தறிய இயலாத நிலை தோன்றுகின்றது. இதனை விளக்குதற்குக் கியூபாத் தீவின் விடுதலைப் போரைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு வரலாற்றில் அரிது. அங்கே நிகழ்ந்த கொடுமை பெரிது. அதைப்பற்றி எழுதப்பட்ட பொய்யும் பெரிது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு பாதித்தன என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்கவிருக்கும் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்கக் கண்டத்திலே பரந்து கிடந்த ஸ்பானியப் பேரரசில் எஞ்சியிருந்தவை கியூபா, புவேட்டோ ரிக்கோ என்னும் இரு தீவுகளே. 1868 ஆம் ஆண்டு முதல் 1878 ஆம் ஆண்டு வரை கியூபர் பத்தாண்டுகள் போராடித் தோல்வியுற்றனர். பின்னர் ஹொசே மார்த்தி என்னும் கவிஞரின் அயரா முயற்சியால், 1895 ஆம் ஆண்டு பெப்ருவரி 24 ஆந் திகதி மீண்டும் கிளர்ச்சி தொடங்கியது. மார்த்தி மூன்று மாதங்களுக்குள், மே 19 ஆந் திகதி, போர்க்களத்திலே உயிர்நீத்தார். ஆயினும் மாக்சிமோ கோமெஸ், அந்தோனியோ மாசேயோ ஆகிய தளபதிகள் போரை நடத்திச் சென்றனர். 1896 சனவரி மாதத்தில் மாசேயோவின் படை தீவின் மேற்குக் கோடியையே எட்டிவிட்டது.

ஸ்பானிய அரசு பெரும்படையை அனுப்பியும் வெற்றி கிட்டவில்லை. கிளர்ச்சிக்காரருக்கு உணவும் உறைவிடமும் செய்தியும் கொடுத்தவர்கள் நாட்டுப்புறத்துக் குடியானவர்கள். குடியானவன் யார், போராளி யார் எனப் படைவீரராற் பிரித்தறிய முடியவில்லை. 1896 பெப்ருவரி மாதத்திற் புதிய தேசாதிபதியாக ஹவானாவில் வந்திறங்கிய தளபதி வலேரியானோ வெய்லர் இதற்கு ஒரு வழி கண்டார். மீன் வாழும் குளத்தின் நீரையே இறைத்துவிடுவது போன்றது அவ்வழி. நாட்டுப்புற மக்கள் யாவரும் படைக்காவலுள்ள நகரங்களுக்குள் வந்து குடியேறவேண்டும். 1896 ஒக்டோபர் 21 ஆந் திகதி பினார் தெல் ரியோ மாகாணத்துக்கு இட்ட ஆணையில் இதற்குக் கொடுக்கப்பட்ட தவணை எட்டு நாள்களே. தவணை கடந்தபின் வெளியே காணப்படுவோர் கிளர்ச்சிக்காரராகக் கருதப்படுவர்.

வீடும் வயலும் கால்நடையும் இழந்து நகரங்களுக்குள் வந்து குவிந்த அம்மக்களுக்கு உறைவிடமும் இல்லை, உணவும் இல்லை. பாழடைந்த பண்டசாலைகளிலும், பனையோலையால் வேய்ந்த சிறு குடிசைகளிலும் குடும்பங்கள் நெருங்கிக் கிடந்தன. பசியோடு அம்மை நோயும் வயிற்றுளைச்சலும் மஞ்சட் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் அன்று முதல் இன்று வரை கருத்து வேறுபாடு உண்டு. அக்காலத்தில் நான்கு இலட்சம் என்றுங் கூறினர். பிற்கால ஆய்வாளர் பலரின் மதிப்பீடு ஏறத்தாழ ஒரு இலட்சம் முதல் இரண்டு இலட்சத்துக்குள் அடங்கும். 1887 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 16 இலட்சத்து 31 ஆயிரமாக இருந்த தீவின் மக்கள்தொகை, 1899 ஆம் ஆண்டில் 15 இலட்சத்து 72 ஆயிரமாகக் குறைந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளிற் பெருகியிருக்கவேண்டிய தொகை தேய்ந்துபோயிற்று. இக்கொடுமையைப் பற்றி ஐயுறுவதற்கு இடமில்லை.

இக்கொடுமை நிகழ்ந்த அதே காலத்தில் நியூயோர்க் நகரிலே மற்றொரு போர் நடந்தது. அது இரு பத்திரிகை முதலாளிகளுக்கிடையே நடந்த விற்பனைப் போர். யோசேப்பு புலிட்சரின் 'வேர்ல்ட்' பத்திரிகை அந்நகரில் முதன்மை பெற்றிருந்தது. 1895 ஆம் ஆண்டில் வில்லியம் ரண்டொல்ப் ஹேர்ஸ்ட் என்னும் இளஞ் செல்வர் 'ஜேர்னல்' பத்திரிகையை விலைக்கு வாங்கி, ஒரு சதத்துக்கு விற்று, புலிட்சரின் எழுத்தாளர் பலரை மிகுந்த சம்பளங் கொடுத்துத் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். புலிட்சரும் தமது பத்திரிகையின் விலையை ஒரு சதமாகக் குறைத்தார். ஒரு சதத்தாள் இலாபம் தரவேண்டுமாயின் இலட்சக்கணக்கில் விற்பனையாகவேண்டும். அவ்வாறு விற்பனையாவதற்கு நாள்தோறும் ஒரு பரபரப்பு வேண்டும். கியூபாப் போர் அப்பரபரப்பை அளித்தது. இப்பத்திரிகைகளின் போக்குக்கு 1897 ஆம் ஆண்டளவில் 'மஞ்சட் பத்திரிகை' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

பொய் எவ்வாறு உட்புகுந்தது என்பதை நிதானமாக நோக்கவேண்டும். நிருபர் எல்லோரும் பொய்யர் அல்லர். ஆனால் ஸ்பானிய அதிகாரிகள் அவர்களைப் போர்முனைக்குச் செல்ல விடவில்லை. தந்திகள் யாவும் தணிக்கைக்கு உட்பட்டன. நிருபரிற் பலர் ஹவானாவின் தங்குமிடங்களிலே இருந்துகொண்டு, பிறர் வாய்க் கேட்டதை எழுதி, கப்பல் வழியாகப் புளோரிடாவுக்கு அனுப்பினர். மறுபுறத்தில், நியூயோர்க்கில் இயங்கிய கியூபா விடுதலைக் குழுவினர், தம்மை நாடிவந்த பத்திரிகையாளருக்கு நாள்தோறும் செய்தி வழங்கினர். கிளர்ச்சிக்காரர் வென்றதாகச் சொல்லப்பட்ட சண்டைகளும் ஸ்பானியர் செய்ததாகச் சொல்லப்பட்ட சித்திரவதைகளும் அச்செய்திகளில் நிறைந்திருந்தன. கரும்புத் தோட்டங்களைக் கொளுத்துமாறும், ஸ்பானியர் வசமுள்ள நகரங்களுக்கு உணவு செல்லவிடாது தடுக்குமாறும் கோமெஸ் இட்ட ஆணைகளும் பஞ்சத்துக்கு ஒரு காரணமாயின என்பதை அக்குழுவினர் பெரிதாகச் சொல்லவில்லை. உண்மையை அறியும் வாயிலை ஒரு தரப்பு அடைத்தது. அடைபட்ட இடத்தை மறு தரப்பு தன் விருப்பம்போல் நிரப்பிக்கொண்டது. தணிக்கை செய்பவன் தன்னை அறியாமலே வதந்திக்கு உரமிடுகின்றான் என்பதற்கு இது ஒரு பாடம்.

இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். இரண்டையும் எழுதியவர் ஒருவரே. எழுதிய காலமும் ஒன்றே. 1897 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் றிச்சட் ஹாடிங் டேவிஸ் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளரும் பிரடெரிக் ரெமிங்டன் என்னும் ஓவியரும் 'ஜேர்னல்' சார்பிற் கியூபாவுக்குச் சென்றனர். சாந்தா கிளாரா நகரில், அதோல்போ ரொட்றிகஸ் என்னும் குடியானவ இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டதை டேவிஸ் நேரிற் கண்டார். அவன் விடியற்காலையில் நடந்து வந்த விதத்தையும், அவன் வாயில் இருந்த சிகரெட்டையும் எழுதினார். சுடும் வீரர் தவறான திசையில் நிறுத்தப்பட்டிருந்தமையால் கடைசிக் கணத்திலே அவனை இடம்மாற்றி நிறுத்தினர். அதனையும் மிகைப்படாமல் எழுதினார். அதை மறுப்பதற்கு எவராலும் இயலவில்லை. கண்டது எழுதப்பட்டிருந்தது, எழுதப்பட்டது நடந்திருந்தது.

மற்றையது 'ஒலிவெற்' என்னும் அமெரிக்கக் கப்பலிலே நிகழ்ந்தது. கிளர்ச்சிக்காரரின் கடிதங்களைக் கொண்டு செல்வதாக ஐயுற்று, மூன்று கியூபப் பெண்களை ஸ்பானிய அதிகாரிகள் சோதனையிட்டனர். அச்செய்தியை டேவிஸ் எழுதி அனுப்பினார். சோதனையிட்டவர் ஆண்களா பெண்களா என்பதை அவர் குறிப்பிடவில்லை. அவ்வேளையில் ரெமிங்டன் ஏற்கெனவே நாடு திரும்பிவிட்டார். நிகழ்ச்சியை அவர் காணவில்லை. ஆயினும் உடையற்ற ஒரு பெண்ணைச் சுற்றி ஆண் அதிகாரிகள் நின்று அவளது ஆடைகளைத் துருவி ஆராய்வதாக ஒரு படத்தை வரைந்தார். 1897 பெப்ருவரி 12 ஆந் திகதி 'ஜேர்னல்' அதனைப் பெரிதாக வெளியிட்டது. நாடு கொதித்தது. சில நாள்களில் அப்பெண்களுள் ஒருவராகிய கிளெமென்சியா அராங்கோவை 'வேர்ல்ட்' நிருபர் கண்டு வினவியபோது, தம்மைச் சோதனையிட்டவர் பெண்களே என்று அவர் தெளிவாகக் கூறினார். டேவிஸ் தாம் அவ்வாறு எழுதவில்லை என்று போட்டிப் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். பின்னர் ஹேர்ஸ்டின் பத்திரிகைக்கு அவர் எழுதவில்லை.

இதன் விளைவைக் கவனியுங்கள். அப்பெண்கள் நாடு கடத்தப்பட்டதும், மீண்டும் மீண்டும் சோதனையிடப்பட்டதும் மெய். அம்மெய்யே கண்டனத்துக்குப் போதுமானது. அதன்மேல் ஒரு பொய்ப்படம் ஒட்டப்பட்டது. படம் பொய்யென்று வெளிப்பட்டபோது அதனோடு மெய்யும் மதிப்பிழந்தது. குடியானவர் பட்டினியால் இறக்கின்றனர் என்னும் செய்தி அடுத்த நாள் வந்தபோது, இதுவும் அப்படத்தைப் போன்றதுதானோ என்று ஒருவர் ஐயுற்றால் அவரை எவ்வாறு குறைகூற முடியும்? கொடுமை செய்தவனுக்கு வேண்டியது இந்த ஐயம் ஒன்றே. நூறு குற்றச்சாட்டுகளில் ஒன்றைப் பொய்யென நிறுவிவிட்டால், மற்றத் தொண்ணூற்றொன்பதுக்கும் அவன் விடையிறுக்க வேண்டியதில்லை.

பொய்யை விட நுட்பமான தீங்கு ஒன்றும் உண்டு. அது மெய்யான துயரங்களில் அழகானதைத் தேர்ந்தெடுப்பது. எவாஞ்சலினா சிஸ்னேரோஸ் என்னும் இளம்பெண், கிளர்ச்சிக்காரர் ஒருவரின் மகள், ஹவானாவின் பெண்கள் சிறைச்சாலையிலே விசாரணையின்றி வைக்கப்பட்டிருந்தார். 1897 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் 'ஜேர்னல்' அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது. ஸ்பானிய அரசிக்கும் பாப்பரசருக்கும் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. சிறையில் அவர் கொடுமைப்படுத்தப்படுவதாகக் கூறப்பட்டவை மிகைப்பட்டவை என்று ஹவானாவிலிருந்த அமெரிக்கத் தூதுவராண்மை அதிகாரி பிற்ஸ்ஹியூ லீ தெரிவித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் 'ஜேர்னல்' நிருபராகிய கார்ல் டெக்கர் சிறைச் சாளரத்தின் கம்பியை உடைத்து அவரை வெளியேற்றினார். அவர் ஆண் உடை தரித்துக் கப்பலேறி நியூயோர்க் வந்தடைந்தபோது பெருங் கூட்டம் திரண்டு வரவேற்றது. அரசு செய்யாததைப் பத்திரிகை செய்தது என்று 'ஜேர்னல்' பெருமை பேசியது.

அப்பெண் விடுதலை பெற்றது நன்றே. ஆனால் அதே மாதத்தில் அதே தீவில் எத்தனை ஆயிரம் பெண்களும் குழந்தைகளும் நகரத் தெருக்களிற் பசித்திறந்தனர்! அவர்களுக்குப் பெயர் இல்லை, படம் இல்லை, அவர்களை மீட்க ஏணியோடு வரும் நிருபரும் இல்லை. ஒருத்தியின் கதை இலட்சம் பேரின் துயரை மறைத்தது. வாசகர் கண்ணீர் விட்டனர். கண்ணீர் வடிந்ததும் கடமை முடிந்ததென நினைத்தனர்.

இனி, 1898 ஆம் ஆண்டுக்கு வருவோம். பெப்ருவரி 15 ஆந் திகதி இரவு ஹவானாத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த 'மெயின்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. 260 பேருக்கு மேல் மாண்டனர். விசாரணை தொடங்குவதற்கு முன்னரே, 17 ஆந் திகதி வெளிவந்த 'ஜேர்னல்' அது பகைவரின் செயல் என்று முகப்பிலே அறிவித்தது. கப்பலின் அடியிற் கண்ணிவெடி வைக்கப்பட்டிருந்ததாக ஒரு படத்தையும் வெளியிட்டது. குற்றவாளியைக் காட்டித் தருவோருக்கு 50,000 டொலர் பரிசு என்றும் விளம்பரஞ் செய்தது. அமெரிக்கக் கடற்படையின் விசாரணைக்குழு வெளியிலிருந்த கண்ணியே காரணம் என்று முடிவு செய்தது. ஆயினும் வைத்தவர் இன்னார் என்று சொல்லவில்லை. 1976 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் றிக்கோவர் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு, கப்பலின் உள்ளேயே நிலக்கரி அறையில் மூண்ட நெருப்பு வெடிமருந்தை எட்டியிருக்கலாம் என்று கண்டது. இன்றும் அறிஞரிடையே முழு உடன்பாடு இல்லை. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் முடிவாகாத ஒன்றை இரண்டு நாள்களில் முடிவு செய்தது அந்தப் பத்திரிகை.

அக்காலத்தில் மற்றொரு குரலும் எழுந்தது. வேமண்ட் மாநிலத்தின் செனற் சபை உறுப்பினர் றெட்பீல்ட் புறொக்டர், கியூபா நிலையைத் தாமே கண்டறியும் நோக்குடன் அங்கு சென்றார். பட்டினியைப் பற்றிய செய்திகள் பத்திரிகை நிருபரின் மிகைக் கற்பனையே என்னும் எண்ணத்தோடு தாம் புறப்பட்டதாக அவரே கூறினார். மஞ்சட் பத்திரிகைகள் விதைத்த ஐயம் எத்தகையது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா? திரும்பி வந்து 1898 மார்ச் 17 ஆந் திகதி அவர் செனற் சபையிலே உரையாற்றினார். அடுக்குமொழியும் ஆவேசமும் இன்றி, அறிக்கை வாசிப்பவர்போலப் பேசினார். தாம் கண்ட குடிசைகளின் அளவு, குழந்தைகளின் வீங்கிய வயிறு, தம்மிடம் பேசியோர் கூறிய இறப்புத் தொகை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று ஆண்டுகளாகப் பத்திரிகைகளின் கூக்குரலுக்கு அசையாதிருந்த வணிகரும் மதகுருமாரும் அவ்வுரையைப் படித்து மனம் மாறினர். அவர் கேட்டுச் சொன்ன தொகை பிற்கால மதிப்பீடுகளினும் மிகுதியே. எனினும் அவர் கண்டது இது, கேட்டது இது என்று பிரித்துக் காட்டினார். அதனாலேயே அவரை நம்பினர்.

அடுத்த மாதம் அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஸ்பெயின் மீது போர் தொடுத்தன. பத்திரிகைகளே இப்போரை மூட்டின என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஓவியர் ரெமிங்டன் ஹவானாவிலே போர் எதுவும் இல்லையென்று தந்தியடித்ததாகவும், படங்களை நீர் அனுப்பும், போரை நான் தருகின்றேன் என்னும் கருத்துப்பட ஹேர்ஸ்ட் விடையிறுத்ததாகவும் ஒரு கதை உலகெங்கும் வழங்குகின்றது. அத்தந்தியை எவரும் கண்டதில்லை. அதை முதலிற் சொன்னவர் ஜேம்ஸ் கிறீல்மன் என்னும் நிருபர். 1901 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே சொன்னார். அந்நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அவர் ஐரோப்பாவிலே இருந்தார். ஹேர்ஸ்ட் அதனை மறுத்தார். பொய் பரப்பியவர் மீதே பொய்க்கதை ஒன்று ஒட்டிக்கொண்டது விந்தையே. போர் மூண்டமைக்கு அரசியல், வணிகம், கடற்படை வலிமை, ஸ்பானிய அரசின் பிடிவாதம் எனப் பல காரணங்கள் உண்டு. பத்திரிகைகள் போரை உண்டாக்கவில்லை. அப்போரை மக்கள் எந்தக் கண்ணாற் காணவேண்டுமென்பதை உண்டாக்கின.

அந்தக் கண்ணிற் கியூபர் எவ்வாறு தோன்றினர்? மீட்பாரை எதிர்பார்த்துக் கலங்கி நிற்கும் ஒரு பெண்ணைப் போலவே படங்களில் வரையப்பட்டனர். மூன்றாண்டுகள் தாமே போராடி ஸ்பானியப் படையைக் களைப்புறச் செய்த மக்கள், பிறர் கையால் விடுதலை பெறும் ஏழைகளாயினர். 1898 யூலை மாதத்திற் சாந்தியாகோ நகரம் பணிந்தபோது, அதற்காகப் போராடிய கியூபத் தளபதி கலிஸ்தோ கார்சியாவின் படை நகருக்குள் நுழைய அனுமதிக்கப்படவில்லை. டிசெம்பர் 10 ஆந் திகதி பாரிசிலே கைச்சாத்திட்ட உடன்படிக்கையிற் கியூபருக்கு இடமில்லை. 1902 மே 20 ஆந் திகதி அவர்கள் பெற்ற சுதந்திரமும், அமெரிக்கா விரும்பியபோது தலையிடலாம் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டதாயிற்று.

அப்பாரிஸ் உடன்படிக்கையாற் பிலிப்பைன் தீவுகளும் அமெரிக்கர் கைக்கு மாறின. அங்கும் ஒரு விடுதலைப் போர் 1899 பெப்ருவரியில் மூண்டது. ஆனால் இப்போது அடக்குவோர் அமெரிக்கர். மணிலாவிலே தணிக்கை வந்தது. அங்கிருந்த அமெரிக்க நிருபர்கள் 1899 யூலையில் ஒன்றுசேர்ந்து, உண்மை நிலை தம் நாட்டு மக்களுக்கு மறைக்கப்படுகின்றதென்று முறையிட்டனர். 1901 டிசெம்பரில் பட்டாங்காஸ் மாகாணத்துக் குடியானவரைக் குறித்த எல்லைகளுக்குள் வந்து குடியேறுமாறு தளபதி பெல் ஆணையிட்டார். வெய்லரின் வழியே மீண்டும் வந்தது. அது இப்போது பாதுகாப்பு எனப்பட்டது. சாமார்த் தீவிலே பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களைக் கொல்லுமாறு தளபதி ஸ்மித் வாய்மொழியாகக் கட்டளையிட்டமை 1902 ஆம் ஆண்டு இராணுவ விசாரணையில் வெளிப்பட்டது. அவருக்குக் கிடைத்த தண்டனை கண்டனமும் கட்டாய ஓய்வுமே. வெய்லரை நினைவூட்டிக் கண்டித்த அமெரிக்கரும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. ஹேர்ஸ்டின் பத்திரிகையே ஸ்மித்தின் கட்டளையைச் சித்திரமாக வெளியிட்டது. ஆயினும் கியூபாவுக்காக எழுந்த பேரலை பிலிப்பைன் மக்களுக்காக எழவில்லை. கொடுமையென்பது ஸ்பானியனின் பிறவிக்குணம் என்று கற்பிக்கப்பட்ட மக்களுக்கு, அது தம் படையினரிடமும் தோன்றக்கூடும் என்பதை நம்புவது கடினமாயிற்று.

அவ்வழி அத்துடனும் நிற்கவில்லை. அதே ஆண்டுகளிலே தென்னாபிரிக்காவிற் பிரித்தானியர் போவர் குடும்பங்களையும் ஆபிரிக்க மக்களையும் முகாம்களில் அடைத்தனர், பல்லாயிரவர் மாண்டனர். அப்போரிற் பிடிபட்ட போவர் கைதிகள் நமது தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டதை நேயர்கள் அறிவர். ஒரு செய்கையை அதன் தன்மை கொண்டு கண்டியாமல், செய்தவனின் இனங் கொண்டு கண்டித்தால், அச்செய்கை வேறொரு கொடியின் கீழ் மீண்டும் வரும் என்பதற்கு இவை சான்று.

குற்றமற்ற நன்மை விளையுமாயிற் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறலாம் என்று வள்ளுவர் நிபந்தனையோடு இடங்கொடுத்தார். கியூபா பற்றி எழுதியோரிற் சிலர் தம் மனத்துக்குள் இவ்வாறே சமாதானம் சொல்லியிருத்தல் கூடும். நல்ல நோக்கத்துக்குத்தானே சற்று மிகைப்படுத்துகின்றோம் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் விளைந்த நன்மை குற்றமற்றதா? மெய்யான பட்டினிச் சாவை நேர்மையான ஒருவர் நம்ப மறுத்தார். கொடுமை செய்தோர் மறுப்புரைக்க வாய்ப்புப் பெற்றனர். போராடிய மக்கள் தம் போரின் பெருமையையே இழந்தனர். அவர்களுக்காகக் கண்ணீர் விட்ட நாடு, அடுத்த தீவில் அதே கொடுமையைத் தானே செய்தது.

எந்த நாட்டிலிருந்தேனும் கொடுமைச் செய்தி வரும்போது நாம் இரண்டு தவறுகளிலிருந்து விலகவேண்டும். கேட்டதனைத்தையும் நம்புதல் ஒன்று. ஒன்று பொய்யானமையால் அனைத்தும் பொய்யென ஒதுக்குதல் மற்றொன்று. யார் கண்டார், எங்கே கண்டார், என்று கண்டார், எத்தனை பேர் என்று எவ்வாறு அறிந்தார் என வினவவேண்டும். இவ்வினாக்கள் துன்புற்றோரை ஐயுறுவன அல்ல. அவர்தம் துன்பத்தை மறுப்போர் கையிலிருந்து காப்பன. சாந்தா கிளாராவிற் சுடப்பட்ட இளைஞனைப் பற்றி ஒருவர் கண்டதைக் கண்டவாறு எழுதினார். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவன் பெயர் நமக்குத் தெரிகின்றது. நகரங்களில் மாண்ட இலட்சத்துக்கு மேற்பட்டோரை அவ்வாறு எழுதுவார் பெரும்பாலும் இல்லாமற் போயினர். ஆகையால் அவர்களின் தொகையைக் குறித்து நாம் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கின்றோம்.